மார்க் போடலாம் வாங்க - 9: ஐந்து பன்னீர் சோடாவும் ஒரு தப்பு மார்க்கும்

'முறுக்குக்கு மார்க் போட்டீங்க, மிக்சருக்கு மார்க் போட்டீங்க, இட்லிப் பொடியைக்கூட விடலை. இந்த வெயிலுக்கு சோடாவை மட்டும் மறந்துட்டீங்களே!' என்று சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் உரிமையோடு கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு, அதாவது எங்கள் வீட்டுக்குப் போக லீவு கேட்டு நின்றபோது, 'லீவு உண்டு, சோடாவோடு திரும்பி வரணும்' என்று டெஸ்க்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கி முடிந்து, ஊரே களைத்துக் கிடந்த ஒரு ஞாயிறு மதியம். வீட்டுத் திண்ணையில் ஐந்து வகை பன்னீர் சோடா வரிசை கட்டி நின்றன. அன்றைக்கு நாங்கள் போட்ட மார்க்கில் ஒன்று தப்பாகப் போனது. எப்படித் தப்பானது என்பதையும் சேர்த்துத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

ஏன் சோடா?

வெளிநாடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன பீர் ஆலைகள் இருக்கும். பெரிய கம்பெனி சரக்கை விட்டுவிட்டு, அந்தச் சின்ன ஆலைகளைத் தேடிப்போய்க் குடித்துப் பார்த்து, நிறம், நுரை, வாசம், கசப்பு என்று பிரித்துப் பிரித்து மார்க் போடுவார்கள். பக்கத்து பெங்களூருவிலும் அது வந்து பல வருடம் ஆகிறது.

நம்முடையது குடும்பப் பத்திரிகை. பீர் நமக்கு வேண்டாம். ஆனால், அதே கதை நம்மிடம் சோடாவில் இருக்கிறது. ஒரு ஷெட், ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், சுற்றுவட்டாரத்தில் முப்பது, நாற்பது கடைகள். அந்த எல்லையைத் தாண்டினால் அந்த சோடாவின் பெயரே யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊரில் வேறொரு சோடா, வேறொரு ருசி.

இரண்டுக்கும் ரத்த சொந்தமும் உண்டு. இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். பீர் புளிக்கும் தொட்டிக்கு மேலே ஒரு வாயு தேங்கி நிற்பதைப் பார்த்து, 1767-ல் அந்த வாயுவில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் நாக்கில் சுர்ரென்றது. அந்த வாயுதான் கார்பன் டை ஆக்சைடு. 1772-ல் அதைச் செய்யும் முறையை ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். 1783-ல் ஜெனீவாவில் ஷ்வெப்ஸ் அதை வியாபாரமாக ஆக்கினார். அப்படிப் பார்த்தால், நாம் குடிக்கும் சோடா பிறந்ததே பீர் தொட்டிக்கு மேலேதான்!

பாட்டிலுக்குள் கோலி எப்படி வந்தது?

எங்கள் வீட்டு ஒன்பதாம் வகுப்பு, அதாவது சித்தப்பா பையன், கேட்ட முதல் கேள்வி இது. 'கழுத்து இவ்வளவு குறுகலா இருக்கு. கோலி எப்படிக்கா உள்ள போச்சு?'

பாட்டில் செய்யும்போதே, கண்ணாடி இளகி இருக்கும் நேரத்தில் கோலியைப் போட்டுவிட்டு வாயைக் குறுக்கிவிடுவார்கள். இந்த பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். மூடியே கிடையாது. வாய்க்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். சோடாவை நிரப்பி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால், கோலி உருண்டு வாய்க்கு வரும். உள்ளே இருக்கும் கேஸ் அதை வாஷரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கேஸ் இருக்கிறவரை கோலி அசையாது. கட்டைவிரலாலோ கட்டையாலோ ஓர் அழுத்து அழுத்தினால், 'டப்'. அதனால்தான் நம் ஊரில் சோடாவை யாரும் 'திறப்பது' இல்லை, 'உடைப்பது'தான்.

இந்த வாஷரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

பிறந்த ஊரில் இந்த பாட்டில் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் இன்னும் கோலி பாட்டிலில் பானம் விற்கிறார்கள். டெல்லிப் பக்கம் இதற்கு 'பன்டா' என்று பெயர். நம்மிடமோ அது பேச்சிலேயே கலந்துவிட்டது. தடிமனான கண்ணாடி போட்டால் சோடாபுட்டி. மேடையில் யாராவது ஆவேசமாகப் பேசினால் 'அண்ணனுக்கு ஒரு சோடா'. விருந்தாளி வந்தால் 'ஒரு கலர் வாங்கிட்டு வா'.

போட்டி விதிகள்

சித்தப்பா பிஸ்கட் கம்பெனிக்கு லைன் வண்டி ஓட்டுகிறார். அவர் போகிற வழியில் விருதுநகர், திண்டுக்கல், திருநெல்வேலி, காரைக்குடி என்று ஊருக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்தார். ஐந்தாவது எங்கள் ஏரியாவிலேயே தயாராவது. ஒவ்வொன்றிலும் 3 பாட்டில். கண்ணாடி பாட்டில்களைக் கடைக்காரர்கள் வீட்டுக்குத் தர மாட்டார்கள். டெபாசிட் கட்டி, 'உடைஞ்சா நான் பொறுப்பு' என்று சொல்லித்தான் வாங்கி வந்திருக்கிறார்.

பன்னீர் சோடாவை ஏன் எடுத்தோம் என்றால், அதில் ஏமாற்ற இடம் குறைவு. பன்னீர் என்றால் பாலில் செய்யும் பனீர் இல்லை, ரோஜாவிலிருந்து எடுக்கும் பன்னீர். தண்ணீர், சர்க்கரை, பன்னீர் வாசம், கேஸ். இந்த நான்கில் எது கூடினாலும் குறைந்தாலும் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

நடுவர்கள் ஐந்து பேர். நான், அம்மா, சித்தப்பா, ஒன்பதாம் வகுப்பு, அப்பத்தா. அப்பத்தாவுக்கு சுகர். அதனால் அவர் குடிக்கக் கூடாது, மோந்து பார்த்து வாசத்துக்கு மட்டும் மார்க். 'மோந்து பாக்கக் கூப்டுற ஒரே பேத்தி நீதான்த்தா' என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

எந்த சோடா எந்த ஊர் என்று நடுவர்களுக்குத் தெரியாது. அம்மா ஊற்றிக் கொடுக்க, எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளரில், அடியில் சாக்பீஸ் நம்பரோடு வரும். ஊற்றுகிறவர் அம்மா என்பதால் அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசியாகக் குடிப்பார், டம்ளரை நான் மாற்றி வைப்பேன். எல்லா பாட்டிலும் ஒரே ஃப்ரிட்ஜில் ஒரே நேரம் இருந்தவை. இது முக்கியம். குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் நன்றாகக் கரைந்து நிற்கும். 20 டிகிரித் தண்ணீரில் நிற்பதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்று சில்லென்றும் இன்னொன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் போட்டியே செல்லாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர், ஒரு பிடி பொரி.

10 மார்க்கை இப்படிப் பிரித்தோம்: 'சுர்'ருக்கு 3, வாசத்துக்கு 3, இனிப்பு அளவுக்கு 2, குடித்து முடித்த பிறகு அடிநாக்கில் நிற்கும் ருசிக்கு 2.

ஒரு சின்ன அறிவியல். அந்த 'சுர்' குமிழ் உடைவதால் மட்டும் வருவது என்று நினைத்தால், இல்லை. கேஸ் தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாகிறது, நாக்கு உணர்வது அதைத்தான். நாக்கில் புளிப்பை உணரும் செல்களில் இருக்கும் ஒரு நொதிக்கு இதில் பங்கு உண்டு என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். மலையேறுகிறவர்கள் சிலர் போடும் ஒரு மாத்திரை அந்த நொதியை அடக்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டு சோடா குடித்தால் சப்பென்று இருக்கும்.

முதல் சுற்று

நம்பர் 1: விருதுநகர்ப் பக்கம். கண்ணாடி பாட்டில், தகர மூடி. மூடியைத் திறந்ததும் வாசம் திண்ணை முழுக்க வந்தது. சுர் நடுத்தரம். இனிப்பு ஒரு கரண்டி குறைத்திருக்கலாம். சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. 7.5.

நம்பர் 2: திண்டுக்கல் பக்கம். பிளாஸ்டிக் பாட்டில். சுர் நன்றாக இருந்தது. ஆனால் வாசத்தில் பன்னீரைவிட எசென்ஸ்தான் முந்தி நின்றது. அப்பத்தா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, 'இது ஊதுபத்தி' என்றார். 5.5.

நம்பர் 3: திருநெல்வேலிப் பக்கம். கோலி பாட்டில். உடைத்த சத்தத்திலேயே பாதி மார்க் விழுந்துவிட்டது. முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்தது. இனிப்பு குறைவு, வாசம் மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வந்தால் போவதில்லை. ஒன்பதாம் வகுப்பு மூன்று தடவை ஏப்பம் விட்டு, 'இதுக்குத் தனி மார்க் இல்லையா?' என்று கேட்டான். இல்லை. 8.

நம்பர் 4: எங்கள் ஏரியா. கோலி பாட்டில். உடைத்தபோது 'டப்' வரவில்லை, 'புஸ்' என்று ஒரு பெருமூச்சுதான் வந்தது. சர்க்கரைத் தண்ணீரில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. ஒரு பாட்டிலை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று இரண்டாவதையும் உடைத்தோம். அதே பெருமூச்சு. வாசத்துக்கு மட்டும் அப்பத்தா முழு மார்க் கொடுத்தார். 'இது நெசப் பன்னீருத்தா' என்றார். சுர்ருக்கு எல்லோரும் பூஜ்ஜியம். கூட்டிக் கழித்து 3.

நம்பர் 5: காரைக்குடிப் பக்கம். கண்ணாடி பாட்டில், தகர மூடி, இளஞ்சிவப்பு நிறம். கல்யாண வீட்டு ருசி. எல்லாமே அளவாக இருந்தது. அம்மாவின் முதல் பரிசு இதற்குத்தான். 7.

அன்று ராத்திரியே எழுதத் தொடங்கிவிட்டேன். நம்பர் 4-க்கு ஒரு வாக்கியம் வேறு யோசித்து வைத்திருந்தேன். கொஞ்சம் கிண்டலான வாக்கியம். நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்

சித்தப்பா அதைப் படித்துவிட்டு சிரிக்கவில்லை. 'பாப்பா, அவரு நமக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு. எழுதுறதுக்கு முன்னாடி ஒருதடவ பாத்துட்டு வந்துருவமா?' என்றார். மீதியிருந்த மூன்றாவது பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு திங்கள்கிழமை காலையில் போனோம்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். வாசலில் கிரேட்டுகள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மட்டும்தான். அம்மா பிரஷ் விட்டு பாட்டில் கழுவுகிறார். ஐயா மெஷினில் நிற்கிறார். பாட்டில் வெடித்தால் கண்ணாடி தெறிக்காமலிருக்க மெஷினைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. சர்க்கரைப் பாகும் சில்லென்ற தண்ணீரும் கேஸும் ஏறியதும் பாட்டில்கள் ஒரு சுற்று சுற்றித் தலைகீழாகின்றன. கோலிகள் ஒன்றாக வந்து வாயில் உட்காரும் சத்தம், யாரோ தாயக்கட்டை உருட்டுவதுபோல இருக்கிறது.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். மார்க்கையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அன்று காலையில் நிரப்பிய ஒரு பாட்டிலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து உடைத்துக் கொடுத்தார்.

டப்!

முந்தின நாள் குடித்ததும் இதுவும் ஒரே சோடா என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு பன்னீர் வந்தது. நெசப் பன்னீர்.

'எந்தக் கடையில வாங்குனீங்க?' என்று கேட்டார். சித்தப்பா சொன்னார். 'அவரு வெயில்ல அடுக்கி வப்பாரு. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்' என்றவர், நான் கொண்டுபோன மூன்றாவது பாட்டிலை வாங்கி உடைத்தார். அதே 'புஸ்'. சுண்டு விரலை உள்ளே விட்டு வாஷரைத் தடவினார். முகம் மாறியது.

'வெயில் மட்டும் இல்லம்மா. வாஷர் கட்டியாகிப்போச்சு. கோலி சரியா உக்காராம, கொஞ்சம் கொஞ்சமா கேஸ் போயிருக்கு. மாத்தியிருக்கணும். இது என் தப்புதான்.'

அவர் தப்பைக் கடைக்காரர் தலையில் முழுசாகப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. எனக்கு அந்தக் கிண்டல் வாக்கியம் ஞாபகம் வந்து கூசியது.

ஒரு மார்க்கின் எடை

'மார்க் போட வேணாம்னு சொல்லலை. போடுங்க. மூணுன்னே போடுங்க. ஆனா எந்தக் கடையில, எந்த பாட்டிலுக்குப் போட்டீங்கன்னு சேத்துப் போடுங்க' என்றார் அவர். 'பேப்பர்னா மறுநாள் வடை மடிப்பாங்க. இது போன்ல கிடக்கும். ஒரு வருசம் கழிச்சும் கடைக்காரரு போனை நீட்டி, உன் சோடாவுக்கு மூணு மார்க்காமே, விலையக் குறைன்னுவாரு.'

இதை நான் யோசித்ததே இல்லை. பெரிய கம்பெனி பானத்துக்கு நான் 3 மார்க் போட்டால் அந்தக் கம்பெனிக்கு அது ஒரு கொசுக்கடிகூட இல்லை. முப்பது கடைக்கு மட்டும் போடுகிறவருக்கு அதில் நான்கு கடை போனாலே ஒரு மாதச் சாப்பாட்டுக் கணக்கு இடிக்கும்.

ஏற்கெனவே இந்தத் தொழில் பல அடி வாங்கியது. 1977-ல் கோக-கோலா இந்தியாவை விட்டுப் போனது. பிறகு 1990-களில் பெப்சியும் கோக்கும் வந்தபோது, ஊர்ப் பானங்கள் பல காணாமல் போயின. தாக்குப்பிடித்து நின்றவற்றில் 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் எல்லோருக்கும் தெரிந்த பெயர். போவன்டோ குடிக்காத தமிழ்நாட்டுக் குழந்தை உண்டா? ஆனால் அதுவே சின்ன சோடா கம்பெனிகளோடு ஒப்பிட்டால் ரொம்பப் பெரியது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. 'அந்த நேரத்துல ராத்திரியெல்லாம் மெஷின் ஓடுச்சு' என்கிறார் ஐயா. 'அப்புறம் பழையபடி ஆயிருச்சு.' அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தபோது, சர்க்கரை சேர்த்த கேஸ் பானங்களுக்கு 28% வரியும் அதற்கு மேல் 12% செஸ்ஸும் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நேரடியாக 40%. உலகக் கம்பெனி பானமும் உள்ளூர் பன்னீர் சோடாவும் இந்தக் கணக்கில் ஒரே வரிசைதான்.

நல்ல செய்தியும் இல்லாமலில்லை. 2025-ல் கோலி சோடா அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாவதாக மத்திய அரசே அறிவித்தது. இதை ஐயாவிடம் சொன்னேன். 'சந்தோசம்மா. அந்த பாட்டில் திரும்பி வருமா?' என்று கேட்டார். பாட்டில் திரும்பி வந்தால்தான் அவருக்கு அடுத்த நாள் சோடா. கையிருப்பில் உள்ள ஒவ்வொரு பாட்டிலும் கடைக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது சுற்று

அந்தக் கிண்டல் வாக்கியத்தை அழித்தேன். மார்க்கையும் அழித்தேன். லீவை இரண்டு நாள் நீட்டிக்கச் சொல்லி டெஸ்க்குக்குக் காரணத்தை விளக்கினேன். 'சோடா குடிக்க லீவா?' என்று ஒரு சத்தம் கேட்டது, ஆனாலும் கொடுத்தார்கள்.

சித்தப்பா லைனுக்குப் போகும்போது ஐந்து ஊரிலும் வேறு வேறு கடைகளில் மறுபடி வாங்கி வந்தார். புதன்கிழமை சாயங்காலம் அதே திண்ணை, அதே டம்ளர், அதே பொரி. சாக்பீஸ் நம்பரை மட்டும் கலைத்துப் போட்டோம். பழைய நம்பரிலேயே முடிவைச் சொல்கிறேன்.

நம்பர் 1: 6.5 (முதல் சுற்றில் 7.5). இந்த முறை சுர் குறைவு.
நம்பர் 2: 5.5. அப்பத்தா மறுபடியும் ஊதுபத்தி என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.
நம்பர் 3: 8. அசையவில்லை. இந்த வாரத்தின் முதல் இடம்.
நம்பர் 4: 7.5 (முதல் சுற்றில் 3). வாசத்தில் முதல் இடம்.
நம்பர் 5: 7. இதுவும் அசையவில்லை.

கவனித்தீர்களா? இரண்டு சுற்றிலும் எசென்ஸ் வாசம் எசென்ஸ் வாசமாகவே இருந்தது. அது தயாரிப்பவரின் கை. சுர் மட்டும் கடைக்குக் கடை மாறியது. அதில் கடை, வெயில், வண்டி, வாஷர் எல்லாவற்றின் கையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்டி ஒருவர் தலையில் ஒரே மார்க்காக வைத்ததுதான் நான் செய்த தப்பு.

ஐந்து கம்பெனிகளின் பெயரையும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் ஊரில் இவை கிடைக்காது என்பது ஒரு காரணம். இரண்டு கடைச் சரக்கை வைத்து ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு எண்ணை எழுத எனக்கு இப்போது துணிச்சல் இல்லை என்பது இன்னொன்று.

இந்தப் பகுதியில் இனிமேல் குறைந்தது இரண்டு கடை, இரண்டு நாள் வாங்கிப் பார்க்காமல் மார்க் கிடையாது. 5-க்குக் கீழே போகும் மார்க் எதையும், செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியிட மாட்டோம். இதற்கு முன் வந்த எட்டுப் பகுதிகளிலும், 'ஒரே கடையில் ஒரே முறை வாங்கிப் போட்ட மார்க்' என்று மேலேயே ஒரு வரி சேர்த்துவிட்டோம். ஏழாவது வாரம் நான் 3 மார்க் போட்ட இட்லிப் பொடிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்வேன்.

குடிக்கும் முன் கவனிக்க...

* கோலி சோடாவில் 'டப்' வராவிட்டால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். கடைக்காரர் மாற்றித் தருவார். பாட்டில் தயாரிப்பவருக்குப் போகும்போது 'கேஸ் இல்லை' என்ற தகவலும் சேர்ந்து போகும்.

* லேபிளிலோ கிரேட்டிலோ 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் வாய் சில்லு பெயர்ந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

* வெயிலில் அடுக்கிய கண்ணாடி பாட்டிலைக் குலுக்காதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் கூடியிருக்கும். குளிரவைத்துப் பிறகு உடையுங்கள்.

* இனிப்பு சோடாக்களில் பெரும்பாலும் 100 மி.லி-க்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். 200 மி.லி பாட்டில் என்றால் நான்கைந்து டீஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாட்டிலிலேயே கிட்டத்தட்ட அது முடிந்துவிடும். குழந்தைகளுக்குப் பாதி பாட்டில் போதும். சுகர் உள்ளவர்கள் அப்பத்தா வழி.

* 'ஏப்பம் வந்தா சீரணமாயிருச்சு' என்பது பாதி நம்பிக்கைதான். நீங்கள் குடித்த கேஸ் வெளியே வருகிறது, அவ்வளவே. வயிற்று உபாதை தொடர்ந்து இருந்தால் சோடாவைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கிளம்புகிற அன்று காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஷெட் வாசலில் உட்கார்ந்து ஐயா ஒவ்வொரு பாட்டிலாக விரலை விட்டு வாஷரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியானவை ஒரு பக்கம், நல்லவை ஒரு பக்கம். பக்கத்தில் புது வாஷர்கள் ஒரு பை நிறைய. நான் கொடுத்த பாட்டிலையும் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டியானவை பக்கம் வைத்தார்.

'எத்தனை மார்க்மா வந்துச்சு?' என்றார்.

'ஏழரை ஐயா.'

அவர் மனைவி பிரஷை நிறுத்திவிட்டுக் கேட்டார், 'பத்துக்கா?'

'பத்துக்குத்தான்.'

'மீதி ரெண்டரை எதுல போச்சு?'

இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஒரு பாட்டிலில் சுர் குறைவு என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நான் அப்பவே சொன்னேன்ல, சர்க்கரையக் குறைங்கன்னு' என்று அந்த அம்மா பிரஷை மறுபடி கையில் எடுத்தார். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம்: கடலை மிட்டாய். கோவில்பட்டிக்குப் போகிறேன். இந்த முறை இரண்டு கடை, இரண்டு நாள். உங்கள் ஊரில் விடாமல் மெஷின் சுற்றும் சோடாக்காரர் இருந்தால், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். சித்தப்பாவின் லைன் வண்டி அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.